பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்



கல்வியாண்டு முடியும் தறுவாயில் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றிலும் ஒரு கூட்டம் நடைபெறும். ஆறாம் ஆண்டு மாணவர்களை எங்கே சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது என்பது அக்கூட்டத்தின் கடைசிப் பொருளாக இருக்கும். ஆனால், முதல் பொருளைக் காட்டிலும் அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். சித்தியவான் வட்டாரத்திலுள்ள எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். ஈப்போவுக்கு அருகிலுள்ள 'லாஸ்ட் வோர்ல்ட் ஆஃப் தம்புன்' கேளிக்கைப் பூங்காவை நான் முன்மொழிந்தபோது, பின்வரிசையில் இருந்த தந்தை ஒருவர் எழுந்தார். "தண்ணியில மிதக்கறதுக்கு ஈப்போ வரைக்கும் போகணுமா சார்? நம்ம வீட்டுப் பின்னாடியே வாய்க்கா ஓடுதே!" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டேனே ஒழிய, அந்தக் கேள்வி வீடு வரைக்கும் என்னுடனே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியை நானே கேட்டிருப்பேன். சுற்றுலா என்றால் அறிவு வளர வேண்டும் என்று உறுதியாக நம்பியவன் நான். தைப்பிங் அருங்காட்சியகம் 1883-இல் தொடங்கப்பட்டது, பங்கோர்த் தீவிலே டச்சுக்காரர் கட்டிய கோட்டை இருக்கிறது, பத்து காஜாவுக்கு அருகே நம்மவர் வியர்வையில் எழும்பிய கெல்லி மாளிகை இருக்கிறது என்று ஆண்டுக்கு ஓர் இடமாக அழைத்துப் போயிருக்கிறேன். ஒவ்வொரு மாணவன் கையிலும் ஒரு குறிப்பேடு. சுவரைப் பார்ப்பதற்கு முன்பாகவே அதில் ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டே கெல்லி மாளிகையின் மாடிப்படிகளில் ஏறி இறங்கியதை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த இடங்களின் மீது குறையில்லை. அழைத்துப் போன வாத்தியாரிடம்தான் குறை.

என் மனம் மாறியதற்குக் காரணம் ஒரு கட்டுரை.

'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்பைத் தெரியாத தமிழ்ப்பள்ளி மாணவன் உண்டா? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அதற்கு முன்பு அத்தலைப்பை நாங்கள் வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கச் செய்தோம். 'பேருந்து பாம்புபோல் வளைந்து நெளிந்து மலையேறியது', 'குளிர்ந்த காற்று என் உடலைத் தழுவியது', 'மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினேன்' என்று தொடர்கள் தயாராக இருக்கும். பிள்ளைகள் இடத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலோர் கெந்திங் மலையைப் போட்டுக்கொள்வார்கள். ஓர் ஆண்டு ஒரு மாணவன் கெந்திங் மலைச் சுற்றுலாவைப் பற்றி அருமையாக எழுதியிருந்தான். கம்பிவட ஊர்தியிலிருந்து கீழே தெரிந்த காடு, தந்தையோடு ராட்டினத்தில் சுற்றியது, தாய் வாங்கிக் கொடுத்த பனிக்கூழ் என்று ஒன்றும் விடுபடவில்லை. வகுப்பில் அதைப் படித்துக் காட்டினேன். சில வாரங்கள் கழித்துப் பள்ளிப் பேருந்தில் கோலாலம்பூருக்குப் போகும் வழியில் அவன் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான்: "சார், கெந்திங் எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் பொய் சொன்னான் என்று நான் கருதவில்லை. பொய்யை எழுதிக் கொடுத்தவன் நான். அவன் அதை அழகிய கையெழுத்தில் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவே. அவனுக்குத் தந்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். கட்டுரையில் வந்த தந்தையைத் திருத்துவதற்கு என் சிவப்பு மைப் பேனாவுக்கு மனம் வரவில்லை.

ஆகவே, இம்முறை கூட்டத்தில் நான் இரண்டு கோரிக்கைகளை வைத்தேன். ஒன்று, கேளிக்கைப் பூங்காவுக்கே போவோம், குறிப்பேடு வேண்டாம். இரண்டு, ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வர வேண்டும். வந்தவர் பிள்ளையோடு சேர்ந்து ஏற வேண்டும். இரண்டாவது கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. முதல் எதிர்ப்பு பணம். அது நியாயமான எதிர்ப்பு. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வாங்கிக்கொண்டு குடும்பம் நடத்தும் வீட்டில் இரண்டு நுழைவுச்சீட்டு என்பது மளிகைக் கடைக்காரரிடம் இன்னொரு மாதம் தவணை கேட்பதற்குச் சமம். இரண்டாம் எதிர்ப்பை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'நாங்கள் எதற்கு அதில் ஏற வேண்டும்? பிள்ளைகள் ஏறட்டும், நாங்கள் பையைப் பார்த்துக்கொள்கிறோம்' என்பதே அது.

இந்தப் பையைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன்.

நம் குடும்பங்கள் பூங்காவுக்குப் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அம்மா நிழல் தேடிப் பாய் விரித்து, பைகள், செருப்புகள், தண்ணீர்ப் புட்டிகள், நெகிழிப் பையில் கட்டிய மீகூன் ஆகியவற்றுக்கு நடுவே அமர்ந்துவிடுவார். அப்பா வேலிக்கு வெளியே நின்று கைப்பேசியில் படம் பிடிப்பார். பாட்டி, தாத்தா வந்திருந்தால் அவர்கள் பைகளோடு பைகளாக இருப்பார்கள். ஒரு சுற்று முடிந்து பிள்ளை இறங்கி ஓடிவந்து, "அம்மா, பாத்தீங்களா?" என்று கேட்கும். "பாத்தேன், பாத்தேன்" என்று விடை வரும். பாதி நேரம் பார்த்திருக்க மாட்டோம். மீகூனுக்கு ஈ மொய்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்குத் தம் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்துப் போவாராம். பிள்ளைகள் குடை ராட்டினத்தில் மரக்குதிரை ஏறிச் சுற்ற, இவர் விசிப்பலகையில் தனியாக அமர்ந்து நிலக்கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ்வதற்கு ஓர் இடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் தமக்கு அந்தப் பலகையில்தான் தோன்றியது என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். 1955 ஜூலை 17-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டுக்கு விதை அதுதான் என்பார்கள். அதாவது, இன்று உலகெங்கும் பரவிக் கிடக்கும் இந்தப் பெருந்தொழில், பையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பனின் சலிப்பிலிருந்து கிளம்பியிருக்கிறது. எழுபது ஆண்டுகளாகியும் நாம் அந்தப் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை!

குடை ராட்டினம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் நான் அடிக்கடி சொல்வது இது. இங்கிலாந்தின் குடை ராட்டினங்கள் கடிகார முள் சுற்றும் திசையிலும், அமெரிக்காவில் உள்ளவை அதற்கு எதிர்த்திசையிலும் சுற்றும். குதிரையின் இடப்பக்கமாக ஏறுவது குதிரைக்காரர் மரபு. இங்கிலாந்துக்காரர்கள் அம்மரபை மரக்குதிரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்றொன்று, நடுவிலிருந்து 3.5 மீட்டரில் இருக்கும் குதிரை ஒரு சுற்றுக்கு 22 மீட்டர் ஓடுகிறது. 7 மீட்டரில் இருக்கும் வெளிக்குதிரை அதே நேரத்தில் 44 மீட்டர் ஓடுகிறது. உள்ளே அமர்ந்தவனுக்குப் பாதி வேகம், வெளியே அமர்ந்தவனுக்கு முழு வேகம்; ஆனால், இருவரும் ஒன்றாகவே புறப்பட்டு ஒன்றாகவே வந்து சேர்கிறார்கள். ஆகவே, தாத்தாவை உள்குதிரையிலும் பேரனை வெளிக்குதிரையிலும் ஏற்றினால் யாருக்கும் குறையில்லை. இந்த ராட்டினம் குடும்பத்துக்கென்றே செய்யப்பட்டதோ என்று நான் வியப்பதுண்டு.

என் தந்தையும் பை பிடித்தவர்தாம். பை என்று சொல்வதும் சரியில்லை. என் செருப்பைப் பிடித்தவர். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். அப்பொழுதெல்லாம் சித்தியவான் பட்டணத்துக்கு 'பன்பேர்' வரும். திடலில் மின்விளக்குகள், டீசல் இயந்திரத்தின் இரைச்சல், வறுத்த கடலையின் மணம், நடுவிலே பெரிய ராட்டினம். தோட்டத்திலிருந்து சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்கார வைத்து அழைத்துப் போனார். சீட்டு ஐம்பது காசு. ஒரே ஒரு சீட்டு வாங்கினார். "நீ ஏறுப்பா, எனக்குத் தலை சுத்தும்" என்றார். என் ரப்பர் செருப்பு மேலிருந்து கழன்று விழக்கூடாது என்று கழற்றித் தம் கையில் வைத்துக்கொண்டார். ராட்டினம் உச்சிக்குப் போனபோது நான் பயந்து அழுதேன். கீழே கூட்டத்தில் எந்தத் தலை அப்பாவின் தலை என்று தெரியவில்லை. அவர் கையிலிருந்த என் நீலநிறச் செருப்பை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன்.

அப்பாவுக்கு உயரம் ஆகாது என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். அவர் இறந்த பிறகு அம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாக, திருமணத்துக்கு முன்பு அவர் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறி வர்ணம் பூசும் வேலையும் பார்த்தார் என்று சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஐம்பது காசு இன்னும் ஒன்று அவரிடம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே, பை பிடித்து நிற்பவர்களைப் பார்த்து, 'ஏன் ஏறவில்லை?' என்று கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. நான் கடிந்துகொள்வது ஏற்பாடு செய்கிறவர்களை. பள்ளியை, சங்கத்தை, என்னை.

ஏனென்றால், நாங்கள் திட்டமிடும்போது பிள்ளைகளின் தலையை மட்டுமே எண்ணுகிறோம். ஒரே நாளில் மூன்று இடங்கள், ஓர் இடத்தில் இரண்டு மணி நேரம், வழியில் ஒரு பேரங்காடி என்று பேருந்தை நிரப்புகிறோம். மூன்று இடத்தின் செலவை ஓரிடத்தில் போட்டால் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கும் சீட்டு வாங்கலாம். இந்தக் கணக்கு ஒன்றும் கடினமானதன்று.

பூங்கா நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முற்காலத்தில் ஏறும் ராட்டினத்துக்குத் தனித்தனியே சீட்டு. டிஸ்னிலேண்டிலேயே 1982 வரைக்கும் சீட்டுப் புத்தகம் இருந்தது. எளிய ராட்டினத்துக்கு விலை குறைந்த சீட்டு, பெரியதற்கு விலை கூடிய சீட்டு. பிறகு, ஒரே கட்டணம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்ற முறை எங்கும் நிலைபெற்றது. பதினைந்து வயது இளைஞனுக்கு அது கொள்ளை ஆதாயம். ஆனால், ஒரே ஒருமுறை பேரனோடு மெதுவான ஒன்றில் ஏறி இறங்க விரும்பும் பாட்டிக்கு அது பெரும் தொகை. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அல்லது, வந்தாலும், கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏறவேண்டுமே என்று பிள்ளைகளை விரட்டுகிறார். பள்ளிக் குழுக்களோடு வரும் தாத்தா பாட்டிகளுக்கென்று தனிச் சீட்டு ஒன்று எல்லாப் பூங்காக்களிலும் இருந்தால் யார் குடி முழுகிவிடும்?

நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வணிகமும் இதில் அடங்கியிருக்கிறது. தோக்கியோவில் தொஷிமாயென் என்றொரு பூங்கா இருந்தது. 1926-இல் தொடங்கியது. அங்கிருந்த 'எல் டொராடோ' என்ற குடை ராட்டினம் 1907-இல் ஜெர்மனியில் செய்யப்பட்டு, நியூயார்க்கின் கோனி தீவில் பல்லாண்டு சுற்றி, 1971-இல் தோக்கியோவில் மீண்டும் சுழலத் தொடங்கியது. நீர் தானே ஓட, மனிதர் சும்மா மிதந்து வரும் ஓடைக்குளமும் அங்கே 1965-லேயே அமைக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 31-இல் அப்பூங்கா மூடப்பட்டபோது வழியனுப்ப வந்தவர்களில் பலர் சிறுவயதில் அங்கே மிதந்தவர்கள். நம் ஈப்போவிலோ, 'மூவி அனிமேஷன் பார்க் ஸ்டூடியோஸ்' பெருஞ்செலவில் எழும்பி 2017 ஜூனில் திறந்தது. 2020 ஜனவரியில் மூடிக்கொண்டது. அதன் வரவு செலவுக் கணக்கை ஆராய்வது என் வேலையன்று. ஆனால், பாட்டி ஏறிய ராட்டினத்தில் பேத்தியும் ஏறுவதற்கு அங்கே கால அவகாசமே கிடைக்கவில்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

சரி, எங்கள் பயணத்துக்கு வருவோம். கோவில் நிர்வாகம் கொஞ்சம், முன்னாள் மாணவர்கள் கொஞ்சம், சங்கம் கொஞ்சம் என்று பணம் சேர்ந்தது. 26 பிள்ளைகள், 19 பெரியவர்கள். எழுவருக்கு வீட்டிலிருந்து வர ஆளில்லை. அவர்களுக்கு ஆசிரியர்களும் சங்கத்தினரும் ஆளுக்கொருவராகப் பொறுப்பேற்றோம். நீச்சலுடை இல்லாமல் நீரில் இறங்க முடியாது என்பதால் முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தேன். நம் தாய்மார்கள் அந்தச் சிக்கலை என்னைவிடச் சாமர்த்தியமாகத் தீர்த்துக்கொண்டார்கள். மலாய்ப் பெண்கள் அணிகிற, கை கால் முழுவதும் மூடுகிற நீச்சலுடையை இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிவிட்டார்கள். ஒரே கடையில் வாங்கியதால் பாதிப் பேர் ஒரே ஊதா நிறம். விளையாட்டுப் போட்டிக்கு வந்த அணிபோல இருந்தது.

சித்தியவானிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 80 கிலோமீட்டர். போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்து, ஸ்ரீ இஸ்கண்டார், துரோனோ, பூசிங் வழியாகச் சாலை போகிறது. செம்பனை முடிந்ததும் பழைய ஈயலம்பக் குட்டைகள் தொடங்கும். தம்புன் பூங்காவை 2004-இல் திறந்த சன்வே நிறுவனத்தின் தோற்றுநர் ஜெஃப்ரி சியா பிறந்த ஊர் இந்தப் பூசிங்தான். அந்நிறுவனம் 1974-இல் ஈயத் தொழிலில் தொடங்கியது. கைவிடப்பட்ட ஈயலம்ப நிலத்தில்தான் 1993-இல் சன்வே லகூன் பூங்கா எழும்பியது. இதையெல்லாம் பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்து விளக்கத் தொடங்கினேன். "சார், குறிப்பேடு வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் ஒரு சிறுமி. ஒலிவாங்கியை வைத்துவிட்டேன்.

தம்புன் பூங்கா சுண்ணாம்புக்கல் மலைகளின் மடியில் இருக்கிறது. மலைகளுக்கு இடையே வளைந்து ஓடும் செயற்கை ஓடையில் காற்றடித்த வளையத்தில் அமர்ந்து மிதந்து வரலாம். வேகமில்லை, அச்சமில்லை, மூன்று வயதும் எழுபது வயதும் சேர்ந்து அமரலாம். அதனால்தான் அதை முதலில் வைத்துக்கொண்டேன். ஆனாலும், போய்ச் சேர்ந்த அரைமணி நேரத்தில் பழைய காட்சியே திரும்பிவிட்டது. ஊதா உடை அணிந்த தாய்மார்கள் அதே உடையில் நிழலில் அமர்ந்து பை பார்த்துக்கொண்டிருந்தார்கள்! அவர்களுக்கு நடுவே ஒரு பாட்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர். பேரனை வளர்ப்பவர் அவர்தாம். அவரைச் சுற்றிப் பதினொரு பைகள்.

"நீங்க போகலையாம்மா?" என்றேன்.

"நான் எதுக்கு சாரு? இந்த வயசுல என்னைத் தண்ணியில பாத்தா ஊரே சிரிக்கும்."

"ஊரே இங்கதான்மா இருக்கு, உங்க மாதிரியே உடுத்திக்கிட்டு."

அவர் சிரித்தார், ஆனால், அசையவில்லை. என் சக ஆசிரியை ஒருவர்தாம் வழி கண்டார். பதினொரு பைகளையும் தம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் நேத்தே ஒப்பந்தம் போட்டுட்டேன், இன்னைக்கு எனக்குப் பை வேலை" என்று அமர்ந்துவிட்டார். பிடிக்கப் பை இல்லாமல் போனதும் பாட்டிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பேரன் அந்தக் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

இருவர் அமரும் வளையம். பேரன் முன்னால், பாட்டி பின்னால். ஆளில்லாத மாணவன் ஒருவனோடு நான் அடுத்த வளையத்தில் வந்துகொண்டிருந்தேன். முதல் வளைவு வரைக்கும் பாட்டி கண்ணைத் திறக்கவில்லை. பிறகு மெல்லத் திறந்து மலையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் சுற்றில்தான் பேசத் தொடங்கினார். பேரனின் பூட்டனார் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயலம்பம் ஒன்றில் வேலை பார்த்தார் என்பதும், லம்பம் மூடியதும் தோட்டத்துக்கு வந்தார் என்பதும், தோட்டத்து ஆற்றில் வெள்ளம் வந்த ஓர் ஆண்டு பாட்டி பால்வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மிதந்தே கரையேறினார் என்பதும் அந்தப் பையனுக்கு அதுவரை தெரியாது. எனக்கும்தான் தெரியாது. ஆறாண்டுகள் அவனுக்குத் தமிழ் கற்பித்திருக்கிறேன். 'என் குடும்பம்' என்று குறைந்தது மூன்று கட்டுரைகள் எழுத வைத்திருக்கிறேன்.

பிற்பகலில் அதே பூங்காவில் ஈயத் தொழிலைக் காட்டும் பகுதிக்குப் போனோம். டூலாங் தட்டில் மணலை அரித்துக் காட்டினார்கள். தட்டை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று பாட்டி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குறிப்பேடு கொண்டு வந்திருக்கலாமோ என்று எனக்கு ஒரு கணம் கை பரபரத்தது உண்மை.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தந்தையர் கடைசி வரைக்கும் ஏறவில்லை. வேலியோரம் நின்று படமே பிடித்தார்கள். ஒரு தாய்க்கு வழுக்கி முழங்கால் சிராய்த்தது. கூட்டத்தில் வாய்க்காலைப் பற்றிக் கேட்ட தந்தை நான்கு சுற்று வந்தார். ஆனால், 'வாய்க்காலே மேல்' என்ற கருத்தை அவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பணத்தில் நான்கு மாதக் கூடுதல் வகுப்பு நடத்தியிருக்கலாம் என்று சங்கத்தில் ஒருவர் பின்னர் கூறினார். கூடுதல் வகுப்பு வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கூடுதல் வகுப்பில் என்ன எழுத வைப்போம்? 'நான் சென்ற சுற்றுலா' என்றுதானே?

பள்ளி திரும்பிய பிறகு கட்டுரை எழுதச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். மூன்றாம் நாள் அந்தப் பேரன் தானாகவே ஒரு தாளைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். அரைப்பக்கம்தான். ஒற்றெழுத்துகள் பாதி இல்லை. லகர ளகரங்கள் இடம் மாறிக் கிடந்தன. பழமொழி இல்லை, உவமை இல்லை, மகிழ்ச்சிக் கடலில் யாரும் மூழ்கவில்லை. பாட்டி பயந்தபோது தான் பாட்டியின் கையைப் பிடித்ததாகவும், பாட்டியின் உள்ளங்கை மரத்தைப் போல் சொரசொரப்பாக இருந்ததாகவும், அது கத்தி பிடித்த கை என்று பாட்டி சொன்னதாகவும் எழுதியிருந்தான். பழைய அளவுகோலில் அக்கட்டுரைக்கு என்ன புள்ளி கிடைத்திருக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். லகர ளகரத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டேன். புள்ளி போடவில்லை.

அடுத்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு இடம் இன்னும் முடிவாகவில்லை. வாய்க்கால் தந்தை பங்கோர்த் தீவை முன்மொழிந்திருக்கிறார்; கடலில் மிதப்பதற்குக் கட்டணம் கிடையாது என்பது அவர் வாதம். இடம் எதுவானாலும், பைகளைப் பூட்டி வைக்கும் செலவைச் சங்கமே ஏற்றுக்கொள்வது என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். வழிமொழிய ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.